துறைமுகங்களும் தூரிகையும்: ஜோர்ஜ் சின்னரியின் சீன ஓவியங்கள் பற்றிய ஒரு சமூகவியல் நோக்கு

கீழைத்தேயங்களுக்கு வந்த ஐரோப்பிய ஓவியர்களின் வாழ்க்கையைத் தனிமனித சாகசமாக எழுதுவது கலை வரலாற்றாசிரியர் பலரின் வழக்கம். ஜோர்ஜ் சின்னரி (1774–1852) பற்றிய எழுத்துகளிலும் அவரது கடன் தொல்லையும், மனைவியை விட்டு ஓடிய கதையுமே பெரிதும் பேசப்படுகின்றன. ஆயின், ஓவியர் சென்ற வழியைத் தீர்மானித்தது வணிக மூலதனம் சென்ற வழியே என்பதை நாம் மனங்கொள்ளல் வேண்டும்.

இலண்டனில் பிறந்த சின்னரி 1802இல் சென்னைக்கு வந்தார். 1807இல் கல்கத்தாவுக்கும், 1825இல் போர்த்துக்கேயர் வசமிருந்த மக்காவோவுக்கும் சென்றார். இறக்கும்வரை 27 ஆண்டுகள் சீனக் கரையிலேயே வாழ்ந்தார். இம்மூன்று நகரங்களும் ஒரே வணிகப் பாதையின் துறைகள். கிழக்கிந்தியக் கம்பனியின் முற்றுரிமையில் வங்காளத்தில் உற்பத்தியான அபின், சீனத் தேயிலைக்குரிய வெள்ளியை ஈட்டிக் கொடுத்தது. அப்பாதையைக் காத்த ஆங்கிலக் கடற்படை, 1795இல் ஒல்லாந்தரிடமிருந்து கைப்பற்றிய நமது திருகோணமலையையும் தளமாகக் கொண்டிருந்தது. ஆதலின், சின்னரியின் வரலாறு நமக்கு அந்நியமானதன்று.

அவரது சீனக் காலப் படைப்புகள் இரு வகையின. ஒன்று, கட்டளைக்கு வரைந்த எண்ணெய் வண்ண உருவப்படங்கள். அபின் வணிகர் வில்லியம் ஜார்டினும், கன்ரன் நகரப் பெருவணிகர் ஹவ்குவாவும் இவற்றில் இடம்பெறுகின்றனர். மற்றையது, தெருவிலும் கரையிலும் வரைந்த பென்சிற் கோட்டோவியங்கள். படகோட்டும் தாங்கா இனப் பெண்கள், கொல்லர், நாவிதர், கூவி விற்போர் ஆகியோரை இவற்றிற் காண்கிறோம். ஓரங்களில் சுருக்கெழுத்துக் குறிப்புகளும் உள்ளன. வணிகருக்குப் பெயர் உண்டு. உழைப்பாளருக்குத் தொழில் மட்டுமே உண்டு. எனினும், குனிந்த முதுகையும் கருவி பற்றிய கையையும் இக்கோடுகள் கூர்ந்து பதிவுசெய்கின்றன. கட்டளையிட்டவரின் செருக்கை நிறைவுசெய்யும் தேவை இங்கு இல்லாமையே இதற்குக் காரணம் எனலாம். அதேவேளை, இக்காட்சிகளே பின்னர் வண்ண ஓவியங்களாகிச் சந்தைச் சரக்காயின என்பதும் மறுக்கற்பாலதன்று.

1834இல் கம்பனியின் சீன வணிக முற்றுரிமை நீங்கியது. 1839இல் லின் சேசு அபினைக் கைப்பற்றி அழித்தார், போர் மூண்டது. 1842இன் நான்கிங் உடன்படிக்கை ஹொங்கொங்கை ஆங்கிலேயருக்கு அளித்தது. வணிகர் அங்கு பெயர, மக்காவோ நலிவுற்றது. 1846இல் ஹொங்கொங் சென்ற சின்னரி மக்காவோவுக்கே மீண்டு, அங்கேயே மறைந்தார். அவரது புகழ்பெற்ற படைப்புகளின் பொருளாக அபின் அமையவில்லை. அவரைப் புரந்தோரின் செல்வத்துக்கு ஊற்றாயிருந்தது எதுவோ, அதுவே அவரது சட்டகத்துக்கு வெளியே நின்றது.

கன்ரனில் மேனாட்டுப் பாணியிற் படம் வரைந்த லாம் குவா, சின்னரியிலும் குறைந்த விலைக்கு விற்றார். தம் மாணவர் அவரல்லர் எனச் சின்னரி மறுத்தார். ஆசிரிய–மாணவ வழக்காகக் கூறப்படும் இது உண்மையிற் சந்தைப் போட்டியாகும். அதே லாம் குவா, பீற்றர் பார்க்கரின் மருத்துவமனைக்கு வந்த சீன நோயாளரை அவர்தம் கட்டிகளுடன் வரைந்தார். சின்னரி தீட்டாத சீனம் அங்கு நம்மை நோக்குகிறது.

ஆகவே, சின்னரியைப் போற்றுதலோ புறக்கணித்தலோ நம் பணியன்று. யார் பணம் கொடுத்தார், யார் பெயரிழந்தார், எது வரையப்படவில்லை என வினவுதலே பணி. சாமுவேல் டானியல் ஒஸ்ரன்பேர்க் கோட்டையிலிருந்து வரைந்து 1808இல் வெளியிட்ட திருகோணமலைத் துறைமுகக் காட்சியிடமும் இவ்வினாக்களை நாம் எழுப்புதல் வேண்டும்.