வெறும் வைட்டமின்தானே?

என் அக்கா மகளுக்குப் போன வருஷம் 29-ஆவது வாரத்திலேயே பிரசவம் ஆகிவிட்டது. குழந்தை 1,200 கிராம். இன்குபேட்டர், மூக்கு வழியாகக் குழாயில் பால், அதெல்லாம் தாண்டி ஒருவழியாக வீட்டுக்கு வந்த பிறகு, ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டைப் போட்டோ எடுத்து அனுப்பினாள். வைட்டமின் டி-க்கு நேரே கீழ்நோக்கி ஓர் அம்புக்குறி. கூடவே ஒரு கேள்வி: "மாமா, டாக்டர் எண்ணி எண்ணிச் சொட்டு விடச் சொல்றார். இன்னும் நாலு சொட்டு சேத்துக் குடுத்தா என்ன? வெறும் வைட்டமின்தானே?"

நான் டாக்டர் இல்லை. பழைய மருத்துவ வரலாற்றைத் தோண்டிப் படிக்கிற பழக்கம் உண்டு, அவ்வளவுதான். ஆனால் அந்தக் கடைசி வரியைப் பார்த்ததும் கொஞ்சம் பதறிவிட்டேன். "டாக்டரைக் கேக்காம ஒரு சொட்டுகூடக் கூட்டாதே" என்று உடனே பதில் போட்டேன். ஏன் என்று அன்றிரவு அவளுக்குப் போனில் சொன்ன கதையைத்தான் இங்கே எழுதி வைக்கிறேன். அது வைட்டமின் டி-யின் கதை அல்ல, வைட்டமின் ஈ-யின் கதை.

முதலில் ஓர் அடிப்படை விஷயம். ஏ, டி, ஈ, கே என்ற நான்கு வைட்டமின்களும் கொழுப்பில் கரைபவை. தாயிடமிருந்து குழந்தைக்கு இவை வந்து சேர்வதும், குழந்தையின் உடம்பில் கொழுப்பு படிவதும் பெரும்பாலும் கர்ப்பத்தின் கடைசி மூன்று மாதங்களில்தான். நிறைமாதக் குழந்தையின் எடையில் சுமார் 15 சதவீதம் கொழுப்பு. ஒரு கிலோ குழந்தைக்கு அது ஒன்றிரண்டு சதவீதம்தான். அதனால் சீக்கிரம் பிறந்த குழந்தை, சேமிப்பே இல்லாமல் வீட்டை விட்டுக் கிளம்பிய ஆள் மாதிரி. ரத்தத்தில் அளந்தால் குறைவாகத்தான் இருக்கும். குறைவாக இருந்தால் நிரப்பத் தோன்றும். கதையின் சிக்கலே அங்கேதான் ஆரம்பிக்கிறது.

1942-ல் பாஸ்டன் கண் மருத்துவர் தியோடர் டெரி, குறைமாதக் குழந்தைகளின் கண்ணில் லென்ஸுக்குப் பின்னால் வெள்ளையாக ஒரு திசு வளர்வதைப் பற்றி எழுதினார். அடுத்த பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளில் உலகம் முழுக்கச் சுமார் 10,000 குழந்தைகளின் பார்வை போனது. இதில் ஒரு விநோதம். ஏழை நாடுகளில் இந்த நோய் இல்லை. நல்ல வசதியுள்ள அமெரிக்க மருத்துவமனைகளில்தான் அதிகம். 1950-ல் ஆறு வாரம் முன்னதாகப் பிறந்த பாடகர் ஸ்டீவி வொண்டரின் பார்வையைப் பறித்ததும் இதே நோய்தான்.

காரணம் தெரியாமல் டாக்டர்கள் தவித்தார்கள். 1949-ல் கின்ஸியும் சக்கரையாஸும், குழந்தைகளுக்குக் கொடுத்த சிகிச்சைகளை நோயோடு ஒப்பிட்டுப் பார்த்தார்கள். சந்தேகப் பட்டியலில் மூன்று சிக்கின: தண்ணீரில் கலக்கும்படி தயாரித்த வைட்டமின் சொட்டு மருந்து, இரும்புச்சத்து, ஆக்சிஜன். அதே காலத்தில் பால்டிமோரின் ஜான்ஸ் ஹாப்கின்ஸில் இருந்த ஓவன்ஸ் தம்பதியருக்கு வேறு யோசனை. இந்தக் குழந்தைகளுக்கு வைட்டமின் ஈ குறைவு, அதைக் கொடுத்தால் கண் தப்பும் என்றார்கள். அவர்களுடைய சிறிய ஆய்வில் பலனும் தெரிந்தது. மற்ற இடங்களில் செய்தபோது அந்தப் பலன் கிடைக்கவில்லை.

உண்மையான குற்றவாளி ஆக்சிஜன். 1951-ல் மெல்போர்னில் கேட் கேம்ப்பெல், ஆக்சிஜன் குறைவாகக் கொடுத்த இடத்தில் நோயும் குறைவு என்று காட்டினார். 1953-ல் அமெரிக்காவில் 18 மருத்துவமனைகள் சேர்ந்து பெரிய சோதனை நடத்தின. 1954-ல் முடிவு வந்தது. மூச்சுக்காகத் தாராளமாகத் திறந்துவிட்ட ஆக்சிஜனே கண்ணைக் கெடுத்திருந்தது. காற்றும் அளவு மீறினால் நஞ்சு. வைட்டமின் ஈ ஓரமாக ஒதுங்கியது.

ஆனால் அது வெறும் கற்பனைப் பண்டம் இல்லை. 1967-ல் பிலடெல்பியாவில் ஆஸ்கியும் பார்னெஸ்ஸும் ஒரு முக்கியமான விஷயத்தைக் கண்டுபிடித்தார்கள். குறைமாதக் குழந்தைகள் சிலருக்கு ஆறு முதல் பத்து வார வயதில் ரத்தச் சிவப்பணுக்கள் உடைந்து சோகை வந்துகொண்டிருந்தது. காரணம் வைட்டமின் ஈ குறைபாடு. தாவர எண்ணெய் சேர்த்த அன்றைய புட்டிப்பாலில் இந்த வைட்டமினின் தேவை கூடியது. இரும்பு சேர்த்தால் நிலைமை இன்னும் மோசம். பால்பவுடரின் சேர்மானத்தை மாற்றியதும் சோகை மெல்ல மறைந்தது. இங்கே குறையும் உண்மை, நிரப்பியதும் சரி. சின்ன அளவு, வாய் வழியாக.

சரி, அப்புறம் என்ன ஆச்சு?

1970-களில் வென்டிலேட்டர் வந்து, முன்பு பிழைக்காத குழந்தைகள் பிழைக்க ஆரம்பித்தார்கள். கண் நோயும் திரும்பி வந்தது. ஆக்சிஜனை ஓரளவுக்கு மேல் குறைத்தால் உயிர் போகும். எனவே ஆக்சிஜனின் சேதத்தைத் தடுக்கும் பொருளாக வைட்டமின் ஈ மறுபடி மேடை ஏறியது. 1981-ல் ஹூஸ்டனில் ஹெலன் ஹிட்னர் குழு, 101 குழந்தைகளிடம் செய்த ஆய்வில் கடுமையான கண் பாதிப்பு குறைந்ததாகச் சொன்னது. அவர்கள் கொடுத்தது வாய் வழியாக. குடல் பக்குவப்படாத குழந்தைக்கு அது சரியாக உறிஞ்சாதே? நரம்பில் ஏற்றினால் என்ன?

1983 கடைசியில் 'ஈ-ஃபெரால்' என்ற ஊசி மருந்து அமெரிக்கச் சந்தைக்கு வந்தது. வைட்டமின் ஈ தண்ணீரில் கரையாது என்பதால், அதைக் கலக்கவைக்கப் பாலிசார்பேட் என்ற சேர்மானம் தாராளமாகச் சேர்த்திருந்தார்கள். குழந்தைகளிடம் சோதித்துப் பார்க்கவில்லை. அரசின் புதுமருந்து அனுமதியும் வாங்கவில்லை. ஊட்டச்சத்து என்ற பெயரிலேயே விற்றார்கள். வெறும் வைட்டமின்தானே!

சில மாதங்களில் பல ஊர்களில் ஒரே மாதிரி நடந்தது. குறைமாதக் குழந்தைகளுக்கு வயிறு வீங்கியது, மஞ்சள் காமாலை வந்தது, ஈரல் பெருத்தது, சிறுநீரகம் நின்றது. புகார்கள் வந்த பிறகும் விற்பனை தொடர்ந்தது. 1984 ஏப்ரலில்தான் மருந்தைத் திரும்பப் பெற்றார்கள். அதற்குள் 38 குழந்தைகளின் சாவு அந்த ஊசியோடு சேர்த்துப் பேசப்பட்டது. பாலிசார்பேட் மீதுதான் பெரிய சந்தேகம் விழுந்தது. நிறுவனத் தலைவர்களுக்குப் பின்னால் சிறைத் தண்டனையும் கிடைத்தது.

சேர்மானத்தின் மீது பழி போட்டுவிட்டு நகரலாம் என்றால் அதுவும் முடியாது. 1985-ல் வெளிவந்த இன்னொரு ஆய்வில், ரத்தத்தில் வைட்டமின் ஈ அளவை நீண்ட நாள் உயரத்தில் வைத்திருந்த குழந்தைகளுக்கு ரத்தத்தில் கிருமித்தொற்றும் குடல் அழுகலும் அதிகம் வந்ததாகத் தெரிந்தது. கிருமியைக் கொல்ல வெள்ளணுக்கள் ஆக்சிஜனின் வேதிப்பொருள்களைத்தான் ஆயுதமாக எடுக்கின்றன. நாம் அந்த ஆயுதத்தையும் மழுங்கடித்திருக்கலாம் என்று ஆய்வாளர்கள் கருதினார்கள். பிறகு பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோதும் இதே இரட்டைக் கணக்குதான்: கண்ணுக்கும் மூளை ரத்தக்கசிவுக்கும் கொஞ்சம் நன்மை, கிருமித்தொற்றில் தீமை.

இதற்கு நேர்மாறாக வைட்டமின் ஏ. 1999-ல் ஒரு கிலோ எடையைத் தாண்டாத 807 குழந்தைகளைச் சீட்டுக் குலுக்கிப் போடுவது போலப் பிரித்துச் சோதித்தார்கள். இறந்தவர்கள், நாள்பட்ட நுரையீரல் நோய் வந்தவர்கள் இருவரையும் சேர்த்து, வைட்டமின் பெற்றவர்களில் 55 சதவீதம், பெறாதவர்களில் 62 சதவீதம். பலன் சின்னதுதான். ஆனால் எவ்வளவு, எந்த வழியில், யாருக்கு என்று தெரிந்து கிடைத்த பலன்.

இந்தக் கதையிலிருந்து நான் எடுத்துக்கொண்டது ஒன்றே ஒன்று. ரிப்போர்ட்டில் கீழ்நோக்கிய அம்புக்குறி ஒரு கேள்வி. அது கட்டளை இல்லை. நிரப்பினால் குழந்தைக்கு உண்மையில் நல்லதா, எந்த அளவு வரை நல்லது என்பதை, குழந்தைகளைக் கவனித்துப் பார்த்துத்தான் சொல்ல முடியும். அம்புக்குறியைப் பார்த்துச் சொல்ல முடியாது. அந்த 38 குழந்தைகளின் டாக்டர்களும் நல்லெண்ணத்தோடுதான் ஊசி போட்டார்கள்.

அக்கா மகள் முழுவதையும் கேட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "அந்தச் சொட்டுக்குழாய்ல கோடு போட்டிருக்கு மாமா, அதுக்கு மேல போக மாட்டேன்" என்றாள். அடுத்த மாதம் மறுபடி ரத்தம் எடுத்துப் பார்த்து, டாக்டரே அளவைக் கூட்டினார். இரண்டு சொட்டு.