இப்ராஹீம் (ரலி) மறைந்த நாளின் வானம்

ஹிஜ்ரி 10ஆம் ஆண்டில் ஒருநாள் மதீனாவில் சூரிய கிரகணம் ஏற்பட்டது. அன்றுதான் நபி (ஸல்) அவர்களின் மகனார், மாரியா (ரலி) ஈன்றெடுத்த குழந்தை இப்ராஹீம் வஃபாத்தானார். அத்துயரினால்தான் கதிரவன் இருண்டதென மக்கள் பேசிக்கொண்டனர். மகனைப் பறிகொடுத்து நின்ற அவ்வேளையிலும் நபியவர்கள் அப்பேச்சை ஏற்கவில்லை. எவருடைய வாழ்வுக்காகவும் மரணத்துக்காகவும் சூரியனோ சந்திரனோ மறைவதில்லை என்று தெளிவுபடுத்தி, மக்களைத் தொழுகையின்பால் திருப்பினார்கள். புகாரீ, முஸ்லிம் இரண்டிலும் இச்செய்தி பதிவாகியுள்ளது.

அந்த நாள் எது என்பதில்தான் கருத்து வேறுபாடு. வாகிதீயின் அறிவிப்பின்படி அது ரபீஉல் அவ்வல் பிறை 10. இமாம் இப்னு தைமிய்யா இதைப் பிழையென மறுத்தார். சூரிய கிரகணம் சந்திர மாதத்தின் இறுதியில் மட்டுமே நிகழும் என்பது அவரது வாதம். அறிவிப்பாளரை மட்டுமன்றி வானத்தையும் சாட்சிக்கு அழைத்த ஆய்வு அது!

இன்று அச்சாட்சியை நாமே காணலாம். ஸ்டெல்லேரியம் என்னும் இலவச மென்பொருளில் இடத்தை மதீனா என்றும், நாளை 632 ஜனவரி 27 என்றும் அமைத்துக் காலைப் பொழுதை ஓட்டிப் பாருங்கள். (1582க்கு முந்தைய நாள்களை அது ஜூலியன் நாட்காட்டியிலேயே காட்டும்.) சூரியன் செல்லும் பாதையையும் சந்திரனின் பாதையையும் கோடுகளாகத் திரையில் வரையச் செய்யலாம். இரண்டுக்கும் இடையே ஏறத்தாழ 5 பாகைச் சாய்வு உண்டு. ஆகவே பெரும்பாலான மாதங்களில் சந்திரன் சூரியனுக்கு மேலாகவோ கீழாகவோ விலகிச் சென்றுவிடுகிறது. அன்றோ கோடுகள் வெட்டிக்கொள்ளும் இடத்தருகே இரண்டும் கூடுகின்றன; மதீனாவில் கதிரவனின் பெரும்பகுதி மறைகிறது. இனி, ஏதேனும் ஒரு மாதத்தின் பத்தாம் பிறைக்கு நாளை மாற்றுங்கள். சந்திரன் சூரியனைவிட்டு வான வட்டத்தில் ஏறக்குறைய மூன்றிலொரு பங்கு தள்ளி நிற்கும். அது எப்படிக் கதிரவனை மறைக்கும்?

கணினி இல்லாத காலத்திலேயே எகிப்திய வானியலாளர் மஹ்மூத் பாஷா அல்ஃபலகீ இதே நாளைக் கணக்கிட்டு, 1858இல் வெளியான தம் ஆய்வில் எழுதினார். பூமியின் சுழற்சி சிறிது சிறிதாகத் தளர்ந்து வருவதால், அக்காலத்துக் கடிகார நேரத்துக்கு ஒரு மணிநேரத்துக்கும் மேலான திருத்தம் தேவைப்படுகிறது. அதை மென்பொருள் தானே சேர்த்துக்கொள்கிறது. எனினும் நிமிடக் கணக்கில் அதை முற்றிலும் நம்பிவிட வேண்டாம். பிறையைக் கண்ணால் காண்பதா, கணக்கிடுவதா என்ற நம்மூர் விவாதத்துக்கு நான் இங்கே வரவில்லை.

அந்தக் கிரகணம் ஷவ்வால் மாத இறுதி என்றால், அடுத்து துல்கஅதா, அதன்பின் துல்ஹஜ். இறுதி ஹஜ்ஜின் அரஃபா நாள் வெள்ளிக்கிழமை என்பது உமர் (ரலி) அறிவிப்பால் உறுதியானது. ஜனவரி 27 திங்கட்கிழமை. அங்கிருந்து 39 நாள்களை எண்ணினால் மார்ச் 6 வருகிறது. அது வெள்ளிக்கிழமை, துல்ஹஜ் பிறை 9.