மரத்திற்கு இதயம் உண்டா?

விலங்கின் உடலில் குருதி இதயத்திலிருந்து புறப்பட்டு மீண்டும் இதயத்திற்கே வந்து சேர்கிறது என்னும் உண்மையை வில்லியம் ஹார்வி என்னும் ஆங்கில மருத்துவர் 1628ஆம் ஆண்டில் ஒரு சிறு நூல்வழி உலகுக்கு அறிவித்தார். அதன்பின் அறிஞர் உள்ளத்தில் ஒரு வினா எழுந்தது. விலங்கில் குருதி சுற்றி வருமாயின், மரத்தில் சாறும் அவ்வாறே சுற்றி வரவேண்டுமன்றோ?

தாவரத்தையும் விலங்கையும் ஒப்பிட்டுக் காண்பதில் அக்காலத்தார்க்கு அளவற்ற ஆர்வம் இருந்தது. இத்தாலியரான மார்செல்லோ மால்பிகி, பட்டுப்புழுவின் உடலில் காற்றுச் செல்லும் நுண்குழல்களை ஆராய்ந்தவர். தாவரத் தண்டினுள்ளும் சுருள் அமைந்த குழல்களைக் கண்டபோது, அவையும் மூச்சுக்குழல்களே எனக் கொண்டார். உருவ ஒற்றுமை அவரை ஏமாற்றிவிட்டது. அவை நீர் ஏறும் குழல்கள். ஆயினும் மூச்சுக்குழலைக் குறிக்கும் பெயரின் சாயல் 'ட்ரக்கீடு' என்னும் தாவரவியற் சொல்லில் இன்றும் தங்கியிருக்கிறது.

வினாவை அளவுகோல் கொண்டு அணுகியவர் ஸ்டீபன் ஹேல்ஸ். இங்கிலாந்தின் டெடிங்டன் என்னும் ஊரில் 1709 முதல் சமயப்பணி ஆற்றியவர் இவர். உயிருள்ள குதிரையின் தொடைத் தமனியில் குழாயைப் பொருத்தி, நிமிர்ந்த கண்ணாடிக் குழாயில் குருதி 8 அடி 3 அங்குலம் ஏறக் கண்டார். அண்மையில் வாழ்ந்த கவிஞர் அலெக்சாண்டர் போப் இத்தகைய சோதனைகளைக் கொடுமை என்று வெறுத்தார். அவ்வெறுப்பில் நியாயம் இல்லாமலில்லை.

குருதியின் விசையை அளந்தவர் சாற்றின் விசையையும் அளக்க விரும்பினார், வழிதான் தோன்றவில்லை. ஒருமுறை, பருவம் தவறி வெட்டப்பட்ட திராட்சைக் கொடியொன்றிலிருந்து சாறு இடைவிடாது வடிந்தது. கொடி பட்டுவிடுமோ என அஞ்சி, வெட்டுவாயின்மேல் விலங்கின் சிறுநீர்ப்பைத் தோலை இழுத்துக் கட்டினார். சாறு அத்தோலை உப்பச் செய்தது! தோலுக்குப் பதிலாகக் குழாயைப் பொருத்தினால் விசையை அளக்கலாமே என்னும் எண்ணம் அப்போது பிறந்தது. பின்னர்ப் பாதரசக் குழாய்களால் அளந்தபோது, திராட்சைச் சாற்றின் விசை குதிரைத் தமனியின் குருதி விசையைப்போல் ஏறத்தாழ ஐந்து மடங்கு என்று கண்டார். இதயமற்ற கொடிக்கு இத்துணை ஆற்றல்!

1724இல் தொட்டியில் வளர்ந்த சூரியகாந்திச் செடியொன்றை ஈயத்தகட்டால் மண்ணை மூடி, காலையும் மாலையும் நிறுத்துப் பார்த்தார். ஒரே கனஅளவுக்குக் கணக்கிட்டால், செடி உட்கொண்டு வெளியிடும் நீர் மனிதனுடையதைப்போல் 17 மடங்கு என்பது அவர் கணக்கு. ஏறும் நீரின் பெரும்பகுதி இலைவழியே ஆவியாகிறது. குருதியைப்போல் அது திரும்பி வரவேண்டிய தேவையே இல்லை. ஆகவே சாறு சுற்றி ஓடவில்லை என 1727இல் வெளியான தம் நூலில் அறிவித்தார். இலைகளே நீரை இழுக்கின்றன என்னும் அவர் கருத்தை, நீர் மூலக்கூறுகள் ஒன்றையொன்று பற்றி நிற்கும் பண்பைக் கொண்டு டிக்சனும் ஜோலியும் 1894இல் மேலும் விளக்கினர்.

எனினும் ஹேல்ஸ் ஓரிடத்தில் தவறினார். மரப்பட்டையை வளையமாக உரித்தால், வளையத்திற்கு மேற்புறம் வீங்குவதை மால்பிகி முன்னரே கண்டு, பட்டைவழியே உணவு கீழிறங்குகிறது என்று சரியாகவே உணர்ந்திருந்தார். சுற்றோட்டத்தை மறுத்த வேகத்தில் ஹேல்ஸ் இதனையும் ஒதுக்கிவிட்டார். இலையில் உருவான சர்க்கரை, அழுத்த வேறுபாட்டால் பட்டையின் குழல்கள் வழியே வேரை நோக்கிச் செல்லும் முறையை ஜெர்மானியரான எர்ன்ஸ்ட் முன்ச் 1930இல் விளக்கினார். அதற்கும் இதயம் தேவைப்படவில்லை.