வளைவாழ் டரான்டுலா சிலந்திகளை வீட்டில் வளர்த்தல்: கண், தோல் பாதிப்புகளும் முதலுதவியும்

டரான்டுலா என்பது உடலெங்கும் மயிர் அடர்ந்த பெருஞ்சிலந்திகளின் பொதுப்பெயர். உலகில் ஆயிரத்திற்கும் மேற்பட்ட டரான்டுலா இனங்கள் உள்ளன. இவற்றுள் பல, மண்ணில் வளை தோண்டிப் பகல் முழுவதும் உள்ளே மறைந்திருந்து, இரவில் வளைவாயில் இரைக்காகக் காத்திருப்பவை. இவற்றைக் கண்ணாடித் தொட்டியில் மண் நிரப்பி வளர்க்கும் வழக்கம் மேலை நாடுகளில் நெடுநாளாக உண்டு. நம் மாநிலத்திலும் அந்த நாட்டம் எட்டிப் பார்க்கிறது. 2021 ஜூலையில் போலந்து நாட்டிலிருந்து வந்த அஞ்சல் பொதி ஒன்றில் சிறு குப்பிகளில் அடைக்கப்பட்ட 107 உயிருள்ள சிலந்திகளைச் சென்னை விமான நிலையச் சுங்கத் துறையினர் கைப்பற்றினர். இவற்றை வளர்ப்போருக்கும், அவர்களுடன் ஒரே வீட்டில் வாழ்வோருக்கும் வேண்டிய மருத்துவச் செய்திகள் இங்கே தரப்படுகின்றன.

கடியை விடக் கவனிக்க வேண்டியது சுணை

பெரும்பாலோர் அஞ்சுவது கடிக்கே. ஆனால் அமெரிக்கக் கண்டங்களைச் சேர்ந்த பல டரான்டுலாக்களின் வயிற்றுப் பகுதியில், கம்பளிப்பூச்சியின் சுணையை ஒத்த நுண்மயிர்கள் உள்ளன. அச்சுறுத்தப்பட்டால் சிலந்தி பின்னங்கால்களால் இவற்றைத் தேய்த்துக் காற்றில் உதிர்க்கும். சுணையின் முனை அம்பு போல முட்கள் கொண்டது. பட்ட இடத்தில் தங்காமல் உள்நோக்கி நகரக்கூடியது. தோலில் பட்டால் அரிப்பும் தடிப்பும், மூக்கில் நுழைந்தால் தும்மலும் நீர்வடிதலும், ஆஸ்துமா உள்ளவருக்கு மூச்சிரைப்பும் உண்டாகலாம்.

கண்ணில் பட்டால் நிலைமை வேறு. 2009 ஆம் ஆண்டின் இறுதியில் லான்செட் மருத்துவ இதழில் வெளியான ஒரு நோயாளியின் வரலாறு இதற்குச் சான்று. இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில், தாம் வளர்த்த சிலி நாட்டு ரோஜா டரான்டுலாவின் தொட்டியை ஒருவர் துடைத்துக்கொண்டிருந்தபோது, சிலந்தி உதிர்த்த சுணை அவர் முகத்தில் பட்டது. மூன்று வாரங்கள் கண் சிவந்து, நீர் வடிந்து, ஒளி கூசியது. தொற்று என்று கருதித் தரப்பட்ட மருந்து பயனளிக்கவில்லை. உருப்பெருக்கிக் கருவியால் நோக்கியபோதுதான் கருவிழிப்படலத்தில் மெல்லிய மயிர்கள் தைத்திருப்பது தெரிந்தது. நுண்ணிய இடுக்கியாலும் அவற்றை எடுக்க இயலவில்லை. ஸ்டீராய்டு சொட்டு மருந்து கொடுத்தே அழற்சியைத் தணித்தனர்.

நம் ஊரில் இத்தகைய கண் சிவப்பை வீட்டார் ‘மெட்ராஸ் ஐ’ என்று எண்ணிவிடுவது எளிது. ‘மெட்ராஸ் ஐ’ ஓரிரு வாரங்களில் பெரும்பாலும் தானே குணமாகும். சுணை தைத்த கண் அவ்வாறு குணமாகாது. கவனியாது விட்டால் அழற்சி கண்ணின் உட்பகுதிக்கும் பரவிப் பார்வையைக் கெடுக்கலாம். எனவே வீட்டில் டரான்டுலா இருந்தால், கண் மருத்துவரிடம் அதை முதலிலேயே சொல்ல வேண்டும். மருந்துக் கடையில் தாமே ஸ்டீராய்டு சொட்டு மருந்து வாங்கி இடக் கூடாது. தொற்று இருக்குமானால் அது முற்றிவிடும், நாள்பட இட்டால் கண்நீர் அழுத்தமும் உயரும்.

கண்ணில் சுணை பட்டவுடன் கசக்காமல், தூய நீரை ஏறத்தாழ 15 நிமிடம் ஓடவிட்டுக் கழுவ வேண்டும். காண்டாக்ட் லென்ஸ் அணிந்திருந்தால் கழற்றிவிட வேண்டும். அன்றே கண் மருத்துவரிடம் செல்ல வேண்டும். தோலில் பட்டால் சொறியாமல், பிளாஸ்திரியை ஒட்டி மெல்ல உரித்தால் சுணை பெருமளவு வந்துவிடும். பிறகு சோப்பு நீரால் கழுவலாம். மூச்சுத் திணறல் ஏற்பட்டால் 108 ஐ அழைக்க வேண்டும்.

சுணை சிலந்தியின் உடலில் மட்டும் இருப்பதில்லை. வளைவாயிலும், தொட்டி மண்ணிலும், சிலந்தி உரித்த சட்டையிலும் கிடக்கும். ஆகவே தொட்டியைத் துப்புரவு செய்யும் வேளையே இடர் மிகுந்தது. கண்ணாடி, கையுறை, முகக்கவசம் ஆகியவற்றை அணிய வேண்டும். மண்ணைச் சிறிது நனைத்த பிறகே அள்ள வேண்டும். இப்பணியை வீட்டிலுள்ள முதியவரிடமோ சிறுவரிடமோ விட வேண்டா. ‘என் சிலந்தி கைக்குப் பழகியது’ என்று வளர்ப்போர் சிலர் கூறுவதுண்டு. சிலந்தி மனிதரிடம் பழகும் உயிரன்று. கையில் எடுப்பதால் அதற்கும் நன்மையில்லை, சிறு உயரத்திலிருந்து விழுந்தாலே வயிறு கிழிந்து இறக்கக்கூடும்.

கடித்தால்

ஆசிய, ஆப்பிரிக்க டரான்டுலாக்களுக்குச் சுணை இல்லை. தாய்லாந்து, மியான்மர் நாடுகளின் நீலநிற வளைச்சிலந்தியும் இவ்வகையே. இவை விரைவாகப் பாய்ந்து கடிக்கும். கடியின் வலியும் அமெரிக்க இனங்களின் கடியை விட மிகுதி. நம் நாட்டிலும் இலங்கையிலும் மரப்பொந்துகளில் வாழும் ஓரினத்தின் கடியில், சில மணி நேரம் கழித்துத் தசைப்பிடிப்பு தொடங்கி, நாட்கணக்கிலும் சிலருக்கு வாரக்கணக்கிலும் நீடிக்கலாம். உயிருக்கு ஆபத்து மிக அரிது. ஆனால் ஆஸ்திரேலிய வளைவாழ் டரான்டுலாக்கள் கடித்து நாய்கள் இறந்ததுண்டு என்பதை, வளர்ப்பு நாய் உள்ள வீட்டார் கருத்தில் கொள்க.

கடிவாயைச் சோப்பு நீரால் கழுவிக் குளிர் ஒத்தடம் தரலாம். கீறுவதும், உறிஞ்சுவதும், இறுகக் கட்டுவதும் தவறு. இரணஜன்னித் தடுப்பூசி போட்ட விவரத்தை மருத்துவரிடம் கூற வேண்டும். பாம்புக்கடிக்கான நச்சுமுறிவு மருந்து சிலந்திக் கடிக்குப் பயன்படாது. தசைப்பிடிப்பு, நெஞ்சு வலி, மயக்கம், உடலெங்கும் தடிப்பு ஆகியவற்றில் எது தோன்றினாலும் மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

வீட்டைச் சுற்றிலும் இயற்கையாகவே வளைச்சிலந்திகள் வாழும் ஊர்கள் உண்டு. ஆண் சிலந்திகள் பெண்ணைத் தேடி வெளியே அலையும். ஆயினும் இருளிலோ உறக்கத்திலோ கடித்தது எதுவெனத் தெரியாவிட்டால், சிலந்தி என்று முடிவு செய்து காலம் தாழ்த்தக் கூடாது. கட்டுவிரியன் கடியில் வலியோ தடமோ புலப்படாமலே போகலாம். அதைப் பாம்புக்கடியாகவே கருதி உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

வளர்க்கத் தொடங்குமுன்

பெண் சிலந்தி 20 ஆண்டுகள் வரையும் வாழக்கூடியது என்பதைப் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை. இரையாக வளர்க்கும் கரப்பான்களின் கழிவும் உதிர்ந்த தோலும் ஆஸ்துமாவைத் தூண்டுவன. ஆஸ்துமா உள்ளவர் வீட்டில் இதனை வளர்க்காதிருப்பதே நன்று. மெக்சிகோவின் செங்கால் டரான்டுலா உள்ளிட்ட சில இனங்கள் பன்னாட்டு வணிகக் கட்டுப்பாட்டுக்கு உட்பட்டவை. அவ்வகை உயிரினங்களை வைத்திருப்போர், 2022 இல் திருத்தப்பட்ட வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின்படி அரசிடம் பதிவு செய்ய வேண்டும். பதிவு செய்யவில்லை என்ற அச்சத்தால் மருத்துவரிடம் சிலந்தியைப் பற்றி மறைக்க வேண்டா. அவர் இனத்தைக் கேட்பது சிகிச்சைக்காகவே. பெயர் தெரியாவிட்டால் கைபேசியில் எடுத்த படம் போதும். சிலந்தியைப் பிடித்து எடுத்துவரத் தேவையில்லை. தொடர்ந்து வளர்க்க இயலாத சிலந்தியைத் தோட்டத்திலோ காட்டிலோ விடாமல், மாவட்ட வன அலுவலகத்தை அணுக வேண்டும்.