கூர்க்கன் கிழங்கு போன ஊர்கள்

பொங்கலுக்கு நெல்லைச் சந்தைகளில் மண் வாசத்தோடு குவியும் சிறுகிழங்குக்கு ஒரு பங்காளி உண்டு. அதன் பெயர் மருந்துக் கூர்க்கன். குஜராத்தில் அதை ஊறுகாய் போடுவார்கள். நம் பக்கத்துச் சமையலில் அதற்கு இடமில்லை. சேலம் வட்டாரத்தில் தண்டு நுனியை நறுக்கி நட்டு, 5, 6 மாதத்தில் தோண்டி எடுக்கிறார்கள். வாடல் நோயும் வேர்முடிச்சு நூற்புழுவும் தப்பவிட்டால் ஹெக்டேருக்கு 15 முதல் 20 டன் பச்சைக் கிழங்கு. வெட்டி வெயிலில் காயவைத்தால் 2 டன்தான் மிஞ்சும். அந்த 2 டன்னுக்கு விலை தருவது, பெரும்பாலும் எடையில் ஒரு சதவீதம்கூடத் தேறாத ஒரு பொருள்: ஃபோர்ஸ்கோலின்.

இன்று புற்றுநோய் ஆய்விலும் பேசப்படும் இதை முதலில் தேடியவர்களுக்கு அந்த நோய் நினைவிலேயே இல்லை. அவர்கள் தேடியது ரத்த அழுத்தத்துக்கு மருந்து. மும்பையில் ஹெக்ஸ்ட் நிறுவனத்தின் ஆய்வு மையம் 1970களில் இந்தியத் தாவரங்களை ஒவ்வொன்றாகச் சோதித்தது. எஸ்.வி.பட், என்.ஜே. டிசூசா குழுவினர் 1977இல் ஃபோர்ஸ்கோலினின் அமைப்பை வெளியிட்டனர். அதே காலத்தில் லக்னோவின் மத்திய மருந்து ஆராய்ச்சி நிறுவனமும் இதே செடியிலிருந்து ஒரு பொருளைப் பிரித்து, கோலியோனால் என்று பெயர் வைத்தது. இரண்டும் வேறு வேறு என்றே சில காலம் நம்பப்பட்டது. பிறகுதான் ஒன்றே என்று தெரிந்தது.

1981இல் அமெரிக்காவின் பெதஸ்டாவில் சீமன், பாட்ஜெட், டேலி ஆகிய மூவர் இதன் வேலையைக் கண்டுபிடித்தனர். ஹார்மோன் வந்து செல்லின் மேலிருக்கும் ஏற்பியைத் தொட்டால், உள்ளே அடினைலில் சைக்ளேஸ் என்ற நொதி முடுக்கப்பட்டு, சைக்ளிக் ஏஎம்பி என்ற செய்தி மூலக்கூறு பெருகும். ஃபோர்ஸ்கோலினுக்கு ஏற்பியின் தயவு வேண்டாம். நேரே நொதியிலேயே போய் ஒட்டிக்கொள்ளும். அதற்குப் பிறகு உலகெங்கும் செல் ஆய்வுக்கூடங்களின் குளிர்பெட்டியில் இதற்கு ஒரு குப்பி நிரந்தரமானது. என் கணிப்பில் இந்தப் பொருளின் உண்மையான வெற்றி அந்தக் குப்பிதான்.

பெங்களூருவில் அது வேறு வேடம் கட்டியது. முகமது மஜீத் 1991இல் தொடங்கிய சாமி லேப்ஸ், பீன்யா தொழிற்பேட்டையைத் தலைமையிடமாகக் கொண்டு, விவசாயிகளோடு ஒப்பந்தம் போட்டுக் கிழங்கை வாங்கியது. அதன் சாறு ஃபோர்ஸ்லீன் என்ற பெயரில், உடல் கொழுப்பைக் குறைக்கும் துணை உணவாக அமெரிக்கச் சந்தைக்குப் போனது. 2005இல் இரண்டு சிறிய சோதனைகள் வெளிவந்தன. பருமனான ஆண்கள் 30 பேரிடம் 12 வாரம் நடந்த ஒன்றில் கொழுப்பு குறைந்தது. பெண்களிடம் நடந்த மற்றொன்றில் எடை குறையவில்லை. விளம்பரங்கள் எதை எடுத்துக்கொண்டன என்று சொல்ல வேண்டியதில்லை.

கதையின் சுவையான பகுதி இடுப்பளவில் இல்லை, செல்களின் பிடியில் இருக்கிறது. தோல், மார்பகம், குடல் ஆகியவற்றின் உறைச் செல்கள் ஈ-கேட்ஹெரின் என்ற புரதத்தால் கைகோத்து நிற்கின்றன. கால்சியம் இருந்தால்தான் அந்தப் பிடி நிற்கும். புற்றுநோய்ச் செல் பல வேளைகளில் இந்தப் புரதத்தைத் தயாரிப்பதை நிறுத்திவிட்டு, கூட்டத்தை விட்டு நழுவி, வேறு உறுப்புக்குப் பயணப்படுகிறது. அப்படி நழுவிய செல்லை மறுபடி ஈ-கேட்ஹெரின் தயாரிக்க வைக்கும் பொருள் எது? புற்றுநோய் ஆய்வாளர் ராபர்ட் வைன்பெர்க்கின் ஆய்வுக்கூடத்தில் திவாகர் பட்டாபிராமனும் கூட்டாளிகளும் ஈ-கேட்ஹெரின் மரபணுவைத் தூண்டும் பொருள்களைத் தேடினார்கள். சிக்கியவை, சைக்ளிக் ஏஎம்பியைக் கூட்டுபவை: காலரா நச்சு, ஃபோர்ஸ்கோலின். ஊரையே காலிசெய்த நோயின் விஷமும் ஊறுகாய்க் கிழங்கின் சத்தும் ஒரே வேலையைச் செய்தன.

2016இல் 'சயின்ஸ்' இதழில் வந்த அந்த ஆய்வு வழியையும் காட்டியது. சைக்ளிக் ஏஎம்பி, பிகேஏ என்ற நொதியை எழுப்புகிறது. அது பிஎச்எஃப்2 என்ற இன்னொரு நொதியை முடுக்க, பூட்டிக் கிடந்த உறைச் செல் மரபணுக்கள் திறந்துகொள்கின்றன. மார்பகச் செல்கள் பழைய வடிவத்துக்குத் திரும்பின; புதுக் கட்டியைத் தொடங்கிவைக்கும் திறனும் குறைந்தது.

இதுவரை சொன்னது புரதத்தைத் தயாரிக்க வைக்கும் வேலை. ஏற்கெனவே இருக்கும் புரதத்தின் பிடியை இறுக்குவது இன்னொரு வேலை. ரத்தக் குழாய்ச் சுவரில் இருக்கும் விஇ-கேட்ஹெரின் என்ற உறவுப் புரதத்தில் சைக்ளிக் ஏஎம்பி அதைச் செய்கிறது என்று ஜப்பானியக் குழு ஒன்று 2005இல் காட்டியது. அங்கே பாதை வேறு: ஈபேக், ராப்1 என்ற புரதங்களின் வழி.

இதைப் படித்துவிட்டுக் கூர்க்கன் மாத்திரை வாங்கக் கிளம்புபவர்களுக்கு ஒன்று. ஆய்வுக்கூடத் தட்டில் மருந்து செல்லின் மேலேயே ஊற்றப்படுகிறது. உடலிலோ சைக்ளிக் ஏஎம்பி இல்லாத உறுப்பே இல்லை. ஃபோர்ஸ்கோலின் ரத்த அழுத்தத்தை இறக்கும், இதயத் துடிப்பை வேகப்படுத்தும். தண்ணீரிலும் எளிதில் கரையாது. ஜப்பானில் அதைக் கரையும்படி மாற்றிச் செய்த கோல்ஃபோர்சின் டாரோபேட் ஊசிமருந்தாகப் பயன்பாட்டுக்கு வந்தபோதும், அது தீவிர இதயச் செயலிழப்புக்குத்தான்.