பனிப்பொழிவு நோக்கர்கள் (பிரித்தானியா)

பனிப்பொழிவு நோக்கர்கள் என்போர், குளிர்காலத்தில் தம் ஊரில் வெண்பனி விழுமா, எப்போது விழும், எவ்வளவு தேங்கும் என்பவற்றைக் கணித்தும் கவனித்தும் குறித்தும் வைக்கும் தன்னார்வ வானிலை ஆர்வலர்கள். குளிர் மிகுந்த நாடுகள் பலவற்றிலும் இத்தகையோர் உண்டு. பிரித்தானியாவில் இப்பழக்கம் தனி வலுவோடு வேரூன்றியதற்குக் காரணம், அங்கே பனி உறுதியானதும் அன்று, அறவே இல்லாததும் அன்று. தாழ்நிலப் பகுதிகளில் வெப்பநிலை ஒரு டிகிரி மாறினால் பனி மழையாகிவிடும்.

1981–2010 காலச் சராசரிப்படி ஐக்கிய இராச்சியத்தில் ஆண்டுக்கு 23.7 நாட்களில் பனியோ மழை கலந்த பனியோ விழுந்தது. தரையில் பனி படிந்து கிடந்தது 15.6 நாட்கள் மட்டுமே. ஸ்காட்லாந்தில் இவை முறையே 38.1, 26.2 நாட்கள். இச்சராசரியை உயர்த்துபவை மலைப்பகுதிகள். தென் இங்கிலாந்தின் கடலோர ஊர்களில் ஒரு குளிர்காலம் முழுவதும் பனி படியாமலே கழிவதும் உண்டு.

பனி உருவாகும் சூழல்

பிரித்தானியாவுக்கு வழக்கமாக வீசுவது அட்லாண்டிக் கடலைக் கடந்து வரும் ஈரமான, மிதமான மேற்குக் காற்று. அது தடைபட்டு வடக்கிலிருந்தோ கிழக்கிலிருந்தோ காற்று திரும்பும்போதுதான் பனிக்கு வழி பிறக்கிறது. ஸ்காண்டிநேவியா மீது உயரழுத்தம் நிலைகொண்டால் ரஷ்யா, கிழக்கு ஐரோப்பா வழியாக உறைகுளிர்க் காற்று மேற்கு நோக்கி வரும்.

அந்தக் காற்று வட கடலைக் கடக்கையில் கீழிருந்து வெப்பமும் ஈரமும் ஏற்கிறது. கடல் மேற்பரப்புக்கும் சுமார் 1.5 கி.மீ. உயரத்துக்கும் இடையே வெப்பநிலை வேறுபாடு 13 டிகிரி செல்சியஸ் அளவுக்கு மேல் இருந்தால் பனி மேகங்கள் வலுவாக எழும்பும். அவை காற்றின் திசையில் வரிசையாக அணிவகுத்து ஒரே பாதையில் மணிக்கணக்கில் பனி கொட்டுவதும் உண்டு. தேம்ஸ் கழிமுகம் வழியாக இவ்வாறு லண்டனுக்குள் நுழையும் வரிசையை ஆர்வலர்கள் ‘தேம்ஸ் ஸ்ட்ரீமர்’ என்கின்றனர். வடமேற்குக் காற்றின்போது வேல்ஸ் குன்றுகளுக்கும் பென்னைன் மலைத்தொடருக்கும் இடையிலுள்ள ‘செஷயர் இடைவெளி’ வழியாக ஐரிஷ் கடலின் பனித்தூறல்கள் உள்நாட்டுக்குள் வரும். வரிசையின் அடியிலுள்ள ஊரில் சாலை மூடப்படும். சில மைல் தள்ளியுள்ள ஊரில் வெயில் அடிக்கும்.

உயரமும் பெரும் வேறுபாடு செய்கிறது. நூறு மீட்டர் ஏறினால் வெப்பநிலை சராசரியாக 0.65 டிகிரி குறையும். லண்டனின் தெற்கு விளிம்பில் குன்றின் மேலிருக்கும் பிக்கின் ஹில் வெண்மையாகும் நாளில் நகரின் நடுப்பகுதி வெறும் மழையில் நனைவது இதனால்தான். நகரத்தின் கட்டடங்களும் போக்குவரத்தும் தரும் வெப்பம் அந்த வேறுபாட்டை மேலும் கூட்டுகிறது.

நோக்கும் முறை

நோக்கரின் வேலை பல நாட்களுக்கு முன்பே தொடங்குகிறது. துருவப் பகுதியின் மேல் அடுக்கு மண்டலத்தில் திடீர் வெப்பமேற்றம் நிகழ்ந்தால், சில வாரங்களில் மேற்குக் காற்று தளரக்கூடும். 2018 பிப்ரவரி நடுவில் நிகழ்ந்த வெப்பமேற்றத்தை அடுத்து அம்மாத இறுதியில் கடும் கிழக்குக் குளிர் வந்தது. ஆனால் 2019 ஜனவரித் தொடக்கத்திலும் அதே நிகழ்வு ஏற்பட்டது. பெருங்குளிர் பிரித்தானியாவை எட்டவில்லை. மாறாக அந்த ஆண்டு பிப்ரவரி 26 அன்று லண்டனின் கியூ தோட்டத்தில் 21.2 டிகிரி பதிவாகி, குளிர்காலத்துக்கான நாட்டின் புதிய உச்ச வெப்பமானது.

நாள் நெருங்க நெருங்கக் கவனம் சிறு அளவுகளுக்கு இறங்கும். 850 ஹெக்டோபாஸ்கல் மட்டத்தில் வெப்பநிலை மைனஸ் 5 டிகிரிக்குக் கீழே உள்ளதா, வளிமண்டலக் கீழடுக்கின் தடிமனைக் காட்டும் 528 டெக்காமீட்டர் கோடு தம் ஊருக்குத் தெற்கே இறங்கிவிட்டதா என்று பார்ப்பார்கள். இவை பழக்கத்தில் நிலைத்த அளவுகோல்கள், உறுதிமொழிகள் அல்ல. கடைசி மணிநேரங்களில் தரைமட்டப் பனிநிலை, அதாவது காற்றிலுள்ள ஈரம் நீராகப் படியத் தொடங்கும் வெப்பநிலை, பூஜ்யத்துக்குக் கீழே இருப்பதே பெரிதும் நம்பத்தக்க அறிகுறி. காற்று வறண்டிருந்தால் விழும் துளியின் ஒரு பகுதி ஆவியாகிச் சுற்றுக்காற்றைக் குளிர்விக்கும். அதனால் வெப்பமானி 2 டிகிரி காட்டும்போதும் பனி விழ முடியும். மழை வலுத்தாலும் பனியாக மாறலாம்; மேலே உருகும் பனித்திரள் காற்றின் வெப்பத்தை உறிஞ்சி, உறைமட்டத்தைக் கீழே இழுத்துவிடும்.

இறுதிச் சோதனைக்குத் தெருவிளக்கே கருவி. இரவில் சன்னல் திரையை விலக்கி விளக்கின் ஒளிவட்டத்தைப் பார்ப்பது பிரித்தானிய நோக்கர்களின் மாறாத வழக்கம். மழைத்துளி ஒளியில் நேர்கோடாக விரைந்து மறையும். அதனிடையே மெதுவாக, சாய்ந்து, சுழன்று இறங்கும் துகள்கள் தென்பட்டால் மாற்றம் தொடங்கிவிட்டது என்று பொருள். சற்று நேரத்தில் காரின் கூரையும் புல்வெளியும் வெளுக்கும். வெப்பத்தைத் தேக்கி வைத்திருக்கும் தார்ச்சாலை கடைசியில்தான் வெளுக்கும்.

அளவிடுதல்

பிரித்தானிய மரபில் அளவீட்டு நேரம் கிரீன்விச் நேரப்படி காலை 9 மணி. நோக்குமிடத்தைச் சுற்றியுள்ள தரையில் பாதிக்கு மேல் பனி மூடியிருந்தால்தான் அது ‘பனி படிந்த நாள்’. விடியற்காலையில் முழுதும் வெளுத்து, எட்டரைக்குள் கரைந்துவிட்டால் அந்த நாள் ‘பனி விழுந்த நாள்’ என்ற கணக்கில் மட்டும் சேரும்.

ஆழம் அளக்க ஓர் அளவுகோல் போதும். காற்று குவித்த மேடுகளையும் சுரண்டிய பள்ளங்களையும் தவிர்த்து, சமதளத்தில் பல இடங்களில் குத்தி அளந்து சராசரி எடுப்பார்கள். பனியின் நீரளவு அறிவது சற்று நுணுக்கமான வேலை. ஐந்து அங்குல விட்டமுள்ள செம்பு மழைமானியை வீட்டுக்குள் கொண்டுவந்து உருக விடுவார்கள். அல்லது அளந்த வெந்நீரை ஊற்றி உருக்கி, ஊற்றிய அளவை மொத்தத்திலிருந்து கழிப்பார்கள். ஒரு சென்டிமீட்டர் பனிக்கு ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் நீர் என்பது பொதுக் கணக்கு. ஈரப்பனியில் நீர் கூடும், உலர்பனியில் குறையும்.

வரலாறு

கில்பர்ட் ஒயிட் 1789இல் வெளியிட்ட ‘செல்போர்னின் இயற்கை வரலாறு’ நூலில் 1776 ஜனவரிப் பனியையும் 1784 டிசம்பர்க் கடுங்குளிரையும் தம் கிராமத்தில் கண்டவாறு விவரித்தார். ஓர் ஊரில் நிலைத்திருந்து தொடர்ந்து குறிப்பெடுக்கும் மரபுக்கு அந்நூல் முன்மாதிரி. 1860இல் ஜி. ஜே. சைமன்ஸ் தொடங்கிய மழைப்பதிவு வலையமைப்பு, அவர் மறைந்த 1900க்குள் மூவாயிரத்துக்கும் மேற்பட்ட இடங்களுக்குப் பரவியது. அதில் பெரும்பாலோர் ஊதியமில்லாத் தன்னார்வலர்கள்.

பனிக்கென்றே தனிப் பட்டியல் தொகுத்தவர் எல். சி. டபிள்யூ. பொனாசினா. 1876 முதலான குளிர்காலங்களை அவற்றின் பனியளவுக்கேற்ப வகைப்படுத்திய அவரது பட்டியல் இன்றும் எடுத்தாளப்படுகிறது. 1970இல் தோன்றிய ‘கிளைமட்டலாஜிக்கல் அப்சர்வர்ஸ் லிங்க்’ தனியார் நோக்கர்களின் மாதாந்தரப் பதிவுகளை ஒருங்கிணைத்தது. 2009 வாக்கில் அஞ்சல் குறியீட்டின் முற்பகுதியையும் பனியின் வலுவுக்குப் பத்துக்கு இத்தனை என்ற மதிப்பெண்ணையும் ட்விட்டரில் பதிவிடும் வழக்கம் பரவியது. அப்பதிவுகள் உடனுக்குடன் வரைபடமாக்கப்பட்டன. 2011இல் நாட்டின் வானிலைத் துறையான மெட் ஆபீஸ் தன்னார்வலர் பதிவுகளுக்கென இணையத்தளம் ஒன்றைத் திறந்தது.

நினைவில் நிற்கும் குளிர்காலங்கள்

1947இல் ஜனவரி 22 முதல் மார்ச் 17 வரை நாட்டின் ஏதேனும் ஓரிடத்தில் நாள்தோறும் பனி விழுந்தது. 1962–63 குளிர்காலம் நடு இங்கிலாந்து வெப்பநிலைத் தொடரில் 1740க்குப் பின் மிகக் குளிரானது. 1963 ஜனவரியின் சராசரி மைனஸ் 2.1 டிகிரி. 1659 வரை பின்னோக்கிச் செல்லும் அத்தொடரைத் தொகுத்தவர் கோர்டன் மேன்லி. 2009 பிப்ரவரித் தொடக்கத்தில் லண்டன் 18 ஆண்டுகளில் காணாத பனியைக் கண்டது; மாநகரப் பேருந்துகள் அனைத்தும் நிறுத்தப்பட்டன. நடு இங்கிலாந்துத் தொடரில் 2010 டிசம்பர் மைனஸ் 0.7 டிகிரி சராசரியோடு 1890க்குப் பின் மிகக் குளிரான டிசம்பரானது. 2018 பிப்ரவரி இறுதியில் வந்த கிழக்குக் குளிரை ஊடகங்கள் ‘கிழக்கிலிருந்து வந்த மிருகம்’ என்றன. மெட் ஆபீஸ் பனிக்குச் சிவப்பு எச்சரிக்கை விடுத்தது.

வெள்ளைக் கிறிஸ்துமஸ்

பொதுமக்களும் நோக்கர்களாக மாறும் ஒரே நாள் டிசம்பர் 25. அன்றைய 24 மணி நேரத்துக்குள் ஒரேயொரு பனித்துகள் விழுவதைக் கண்டாலும் மெட் ஆபீஸ் அதை வெள்ளைக் கிறிஸ்துமஸ் எனக் கொள்கிறது. பந்தயக் கடைகளில் இதன்மேல் பணம் கட்டுவது நெடுநாள் வழக்கம் என்பதால் வரையறை இவ்வளவு கறாராக இருக்கிறது. வாழ்த்து அட்டையில் வரும் காட்சியோ அரிது. 1960க்குப் பின் காலை 9 மணிக்கு நாட்டின் 40 விழுக்காட்டுக்கும் மேற்பட்ட நிலையங்களில் பனி படிந்திருந்தவை 1981, 1995, 2009, 2010 ஆகிய நான்கு கிறிஸ்துமஸ்களே. 2010இல் அது 83 விழுக்காடு.

கோடைவரை தொடரும் நோக்கல்

ஸ்காட்லாந்தில் இப்பணி குளிர்காலத்தோடு முடிவதில்லை. கெய்ர்ன்கார்ம் மலைகளின் நிழல் மடிப்புகளில் கோடையிலும் எஞ்சும் பனித்திட்டுகளை ஆர்வலர்கள் நடந்தே சென்று அளக்கின்றனர். ஆடம் வாட்சன் பல பத்தாண்டுகள் இதைச் செய்தார். பின்னர் இயன் கேமரன் தொடர்ந்தார். பிரேரியக் மலையிலுள்ள ‘ஸ்பிங்ஸ்’ என்ற திட்டு மிக நீடித்தது எனப் பெயர் பெற்றது. இருபதாம் நூற்றாண்டில் அது முழுதும் கரைந்தது 1933, 1959, 1996 ஆகிய மூன்று ஆண்டுகளில் மட்டுமே. இந்நூற்றாண்டில் 2023 வரையில் மட்டும் 2003, 2006, 2017, 2018, 2021, 2022, 2023 என ஏழு முறை கரைந்துவிட்டது.

பயனும் குறையும்

வானிலை நிலையங்கள் பல மைல் இடைவெளியில் உள்ளன. பனியோ ஒரே ஊரின் இரு முனைகளில் இருவகையாக விழுகிறது. ரேடார் மழைவீழ்ச்சி இருப்பதைக் காட்டினாலும், தரையைத் தொடுவது துளியா துகளா என்பதில் தடுமாறும். அந்த இடைவெளியை நிரப்புவது உள்ளூர்க் கண்தான். ஆசை மிகுந்து, கணினி மாதிரிகளில் பனி மிகுதியாகக் காட்டும் ஒன்றை மட்டும் பிடித்துக்கொண்டு பரப்புவது இத்துறையின் பழகிய குறை. ஆர்வலர் வழக்கில் அதற்கு ‘ரேம்பிங்’ என்று பெயர்.

1960களுக்குப் பின் பிரித்தானியாவில் பரவலான பெரும்பனி குறைந்து வந்துள்ளது. அக்குறைவை மெய்ப்பிக்கப் பனி விழுந்த நாட்களின் குறிப்பு மட்டும் போதாது. விழாத நாட்களும் காலை 9 மணிக்கு விடாமல் பதிவாகியிருக்க வேண்டும். நோக்கரின் ஏட்டில் பூஜ்யமும் ஒரு முழுமையான பதிவே.