வாசல் இடுக்கமாகும் முன்

1971இல் இலங்கையில் வந்த தரப்படுத்தலால், மருத்துவமோ பொறியியலோ படிக்க எங்கள் பெற்றோர் காலத்துத் தமிழ் மாணவர்களுக்குக் கூடுதல் புள்ளிகள் தேவைப்பட்டன. அந்த வாசலை அரசே இடுக்கமாக்கியது.

ஒன்ராறியோவில் வாசலை நாமே அறியாமல் அடைத்துவிடுகிறோம். முன்பு இங்கே கல்லூரி டிப்ளோமாவுடனும் எங்களைப் போல் பதிவுபெற்ற தாதியாகலாம். 2005 முதல் பட்டம் கட்டாயம். அதற்கு 12ஆம் வகுப்பில் 'யூ' அல்லது 'எம்' பாடங்கள் ஆறு வேண்டும். பொதுவாக உயிரியலும் இரசாயனமும் அவற்றுள் அடங்கும். 11ஆம் வகுப்பில் 'யூ' இரசாயனம் படிக்காதவர் 12இல் அதைத் தொடர முடியாது. கோடைகாலப் பள்ளியில் ஈடுசெய்யலாம், விடுமுறை போய்விடும்.

தம்பி தங்கையரே, பத்தாம் வகுப்பில் பாடத்தெரிவுப் படிவத்தை நிரப்புமுன், ஞாயிறு ஆராதனை முடிந்ததும் பெற்றோருடன் வந்து எங்களிடம் கேளுங்கள்.